நாலாவது ம

ஜனவரி 22, திங்கள்

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வருடா வருடம் அப்பாவுக்குக் கொடுக்கும் டைரி இந்த வருடம் என் மேசைக்கு வந்துவிட்டது. தனக்கு எழுத ஒன்றுமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு உண்டு. நான் விருது வாங்கப்போகிறவள்.

சென்னையில் ஓர் அறக்கட்டளை. 'மீட்டெடுக்கப்பட்ட பாரம்பரிய எழுத்துரு' என்று ஒரு பிரிவு வைத்து, அதில் என்னுடைய 'மரகத விலாசம்' எழுத்துருவுக்கு முதல் பரிசு அறிவித்திருக்கிறார்கள். மார்ச் பத்தாம் தேதி விழா. பொன்னாடை, கேடயம், 'மீட்ட கதை' என்ற தலைப்பில் பத்து நிமிட உரை. எங்கிருந்து மீட்டாய் என்று மட்டும் யாரும் கேட்காமல் இருந்தால் விழா சிறப்பாக நடக்கும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்துரு வரைந்து விற்பது என் பிழைப்பு. இப்போது சந்தையில் ஓடுகிற சரக்கு ஒன்றுதான்: பழமை. போன மாதம் திறந்த ஸ்வீட் கடைக்கும் அடுத்த மாதம் வரப்போகிற சோப்புக்கும் நூறு வயதுத் தோற்றம் வேண்டும். சரி என்று வரைந்தேன். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். எழுத்தின் நுனியில் சின்னதாகப் பாதம் இருக்கும். ஆங்கில எழுத்துக்கு அந்தப் பாதம் அழகு. தமிழ் எழுத்துக்கு வயிறு உண்டு, பாதம் கிடையாது. வாடிக்கையாளர் கேட்டார், வைத்துக் கொடுத்தேன். அதன்மேல் தேய்மானம், மை திட்டு, சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வோர் எழுத்துக்கும் நாலு வடிவம். அடிக்க அடிக்க மாறி மாறி வரும். அப்போதுதான் கையால் அச்சுக்கோத்த மாதிரி தெரியும்.

விற்கிற இணையதளத்தில் 'வரலாறு' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் ஏற்றுக்கொள்ளாது. "1926 முதல் எங்கள் ஊர் வேலாங்குளத்தில் இயங்கிய ஸ்ரீ மரகத விலாச அச்சுக்கூடத்தின் ஈய எழுத்துக்களைக் குப்பைமேட்டிலிருந்து மீட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து வரைந்தது" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வேலாங்குளத்தில் அச்சுக்கூடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஜெராக்ஸ் கடை வந்ததே நான் ஆறாவது படிக்கும்போதுதான்.

அப்பாவிடம் விருதைப் பற்றிச் சொன்னேன்.

"பரிவட்டம் கட்டுவாங்களா?"

"பொன்னாடைப்பா."

"அது எல்லாருக்கும் போடுறதுதான்" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 25, வியாழன்

டீத்தூள் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் கால் கிலோ வாங்கினேன். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவர் காபி.

ஜனவரி 30, செவ்வாய்

அம்மா போன ஆறு வருடமாகத் தோசைக்கல் அப்பாவின் ஆட்சியில் இருக்கிறது. நான் பெங்களூரையும் கணவரையும் ஒரே பெட்டியில் விட்டுவிட்டு இந்த வீட்டுக்குத் திரும்பியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தன ஊத்தட்டும்?" மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக முப்பத்தைந்து வருடம் இருந்தவர். ஃப்யூஸ் போடுகிற கவனத்தோடு தோசை சுடுவார். ஓட்டைகள் கச்சிதமாக விழும்.

விருதுக் குழுவுக்குத் தெரியவேண்டாத செய்தி ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். மரகத விலாசத்தின் தொன்மை முழுவதும் ஒரு தோசை. எழுத்துக்குத் தேய்மானம் வரவழைக்க உப்புத்தாள், மணல், பழைய துணி எல்லாம் பார்த்தேன். எதுவும் இயல்பாக வரவில்லை. ஒருநாள் காலையில் தட்டில் விழுந்த தோசையைப் பார்த்தேன். போனில் படம் எடுத்து, எழுத்துக்களின்மேல் ஏற்றினேன். நூறு வருடம் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது. "ஆறிப்போச்சு, திங்காம போட்டோ எடுக்குறா" என்று அப்பா திட்டியது படத்தில் இல்லை.

இன்று அவர் விசாரித்தது வேறு. "உன் எழுத்துல பழைய லை வருமா? துதிக்கை வச்சது?"

"வரும்ப்பா. ணை, னை எல்லாமே வரும்."

"எதைத் தட்டணும்?"

காட்டிக் கொடுத்தேன். கொரோனா காலத்தில் வாட்ஸாப்பில் இரங்கல் செய்தி அனுப்பத் தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டவர். ஒற்றை விரல்தான், ஆனால் பிழை இருக்காது. என் எழுத்துருவை இந்த வீட்டில் ஒருவர் விசாரித்தது இதுவே முதல் முறை. மனம் நிறைந்துவிட்டது. நான் எவ்வளவு மலிவான ஆள் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மத்தியானத் தூக்கம் இரண்டு மணி நேரம். எழுந்து பார்த்தால் மூடி வைத்த லேப்டாப் சுட்டது. வெயில் இந்த வருடம் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பிரிண்டரில் கறுப்பு மை காலி. நான் பிரிண்ட் எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இந்தக் காலத்துச் சாமான் எதுவும் சரியில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

அண்ணன் தனுஷ்கோடி வந்தான். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பேச்சும் ஆணி அடிக்கிற பேச்சுதான். வாசலிலேயே கத்தினான். "யோகா, கெடச்சிருச்சு! நேத்து வந்தப்ப அப்பா ட்ரங்குப் பெட்டியில, அடியில கெடந்துச்சு. மருந்துச் சீட்டு எடுத்துட்டு வாடான்னாரு, பாத்தா இது!"

கிடைத்தது என்னவென்று எழுதுவதற்கு முன் எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கரைமேல் அம்மன் கோயில் பங்குனித் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு வகையறாவின் மண்டகப்படி. அன்றைய அலங்காரம், நைவேத்தியம், வீதியுலா எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அந்த வீட்டுப் பெரியவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். இரண்டு முழத் துணி. அதற்காக மூன்று தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. அதில் ஒன்று எங்களுடையது.

ஆறாம் நாள் கீழவீட்டு வகையறாவுடையது. அது நியாயப்படி மேலவீட்டாராகிய எங்களுடையது என்று அப்பா சொல்லாத பங்குனி இல்லை. பத்தொன்பது வயதில் ஆறாம் நாள் முன்வரிசைக்குப் போய் நின்றவரை, கீழவீட்டுப் பெரியவர் ஊர் பார்க்க, "தம்பி, பின்னால போயி நில்லு" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

அண்ணன் கொண்டுவந்தது ஒரு திருவிழாப் பத்திரிகை. விக்ருதி வருஷம் பங்குனி, அதாவது 1951. பழுப்பேறிய காகிதம். "ஆறாம் திருநாள் மண்டகப்படி: மேலவீட்டு வகையறா" என்று பெரிய எழுத்தில், தாத்தா பெயரோடு. கோயில் செயல் அலுவலர் ஈ.ஓ.விடம் மனுக் கொடுக்கப் போகிறானாம். இந்த வருடமே பரிவட்டம் அப்பா தலைக்கு.

வாங்கிப் பார்த்தேன். நல்ல வேலை. துதிக்கை வைத்த லை, சரியான இடத்தில் ஓரப்பூ, எழுத்துக்கெல்லாம் சின்னப் பாதம். காகிதத்தில் லேசாக டீ வாசனை. முப்பத்தாறு ம இருந்தது. நாலாவது ம-வின் வயிற்றில் ஓர் ஓட்டை. எட்டாவதிலும் அதே ஓட்டை. பன்னிரண்டாவதிலும்.

அந்த ஓட்டையை எனக்குத் தெரியும். அது தட்டில் விழுந்த காலை நான் அங்கே இருந்தேன்.

அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறவர்களுக்குக் கால் கட்டைவிரல் ஆடாது.

இது அண்ணன் வேலைதான். சந்தேகமில்லை. அவனுக்குத் தமிழில் டைப் அடிக்கத் தெரியாது என்பது உண்மை. ஆள் வைத்துச் செய்திருப்பான்.

பிப்ரவரி 12, திங்கள்

லேப்டாப்பில் பொங்கலிலிருந்து சேர்ந்த குப்பையைச் சுத்தம் செய்தேன். 'சமீபத்தில் திறந்தவை' பட்டியலை முழுவதுமாக அழித்தேன். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்திருந்த வேலை. பிறகு தரை துடைத்தேன், ஃபேன் துடைத்தேன், துடைக்கத் தேவையில்லாத ஜன்னல் கம்பிகளையும் துடைத்தேன்.

பிப்ரவரி 14, புதன்

ஸ்கூட்டர் பஞ்சர். ஊரில் மூன்று பஞ்சர் கடை இருக்க, ஸ்கூட்டர் தானாகவே பரமகுருவின் கடை வாசலில் போய் நின்றது. கீழவீட்டு வகையறாவில் இப்போது ஊரில் இருப்பது அவன் ஒருவன்தான். பத்தாவது வரை என்னோடு படித்தவன். போன சித்திரையில் அவன் அம்மா இறந்தாள். அதிலிருந்து தாடி.

"வா யோகா. நோட்டீசு வந்துச்சு கோயில்ல இருந்து. இருபத்தாறாந்தேதி விசாரணையாம். உங்க வீட்டுல பழைய பத்திரிக கெடச்சிருக்காமே?"

"அண்ணன் என்னமோ சொன்னான்."

"எங்ககிட்ட பேப்பர் ஒண்ணும் இல்ல. தாத்தா காலத்துல இருந்து செய்றோம், அவ்வளவுதான். செய்றதுக்கு எவன் பேப்பர் வச்சுக்கிட்டான்?" ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்தான். "நானே ஒருநாள் உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். உங்கப்பாவப் பாத்து ஒரு விசயம் பேசணும்னு. அதுக்குள்ள இது வந்திருச்சு. இப்ப வந்தா தப்பா இருக்கும்."

"என்ன விசயம்?" என்று ஒரு மனுஷி கேட்டிருப்பாள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நான் கேட்டேன். ஓட்டை கண்டுபிடிக்கிற ஆளிடம் அதற்குமேல் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணனின் பையில் ஒரு பிரிண்ட் அவுட். என் எழுத்துருவின் 'வரலாறு' பக்கம். குப்பைமேடு, மீட்பு, கண்ணீர், எல்லாம் இருக்கிறது.

"நீதான் எழுதியிருக்க. நம்ம ஊர்ல மரகத விலாசம்னு அச்சுக்கூடம் இருந்துச்சுன்னு. இந்தப் பத்திரிகையும் அதே எழுத்து. வேற என்ன சாட்சி வேணும்? விருது வாங்கின ஆளு நீ. விசாரணைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லு."

"இன்னும் வாங்கல."

"வாங்கப்போற ஆளுதான? அது போதும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் இல்லாத முகம். கடையில் இரண்டு இஞ்ச் ஆணி என்று சொன்னால் இரண்டு இஞ்ச் ஆணிதான் கொடுப்பான். அவன் அந்தப் பத்திரிகையை முழுமனதாக நம்புகிறான். ஒரு வாரமாக இந்த டைரியில் அவனைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், இந்த வீட்டில் பொய்ச் சரித்திரம் எழுதியவர்கள் பட்டியலில் எனக்கும் இடம் வேண்டும்.

ஆக நிலவரம் இது. பத்திரிகை பொய் என்று சொல்ல ஊரில் ஒரே ஒருத்தியால்தான் முடியும். அவள் அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தான் எழுதியது பொய் என்று சொல்லவேண்டும். சொன்னால் விருது போகும். அது போகட்டும். அப்பா என்ன ஆவார்? சொல்லாவிட்டால், தாயைப் பறிகொடுத்த ஒருவனிடமிருந்து தாத்தா காலத்து நாளை என் தோசை பிடுங்கிக்கொடுக்கும்.

பிப்ரவரி 21, புதன்

தோசை ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அப்பா, அந்தப் பத்திரிகையில ஒரு குறை இருக்கு."

கரண்டி நின்றது. "என்ன கொற?"

"ஒண்ணுமில்ல. எழுத்துக் கொஞ்சம் அதிகமாத் தேஞ்சிருக்கு."

"எழுவத்திமூணு வருசத்துப் பேப்பரு. தேயாம?" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினார். கருகியிருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை. "எங்கப்பா அந்த வருசம் நெசமாவே நின்னாரு, யோகா. என்னயத் தோள்ல வச்சிருந்தாரு. பரிவட்டத்து முனைய நான் பிடிச்சு இழுத்தேன். எனக்கு மூணு வயசு, ஆனா ஞாபகம் இருக்கு."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் இல்ல. ஏன்னு தெரியல. யாரும் சொல்லல."

கருகிய தோசையை நானே சாப்பிட்டேன். கோபமாக இருந்தேன் என்று எழுத நினைத்து உட்கார்ந்தேன். கோபம் இல்லை. அழுகை வந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

விசாரணை. கோயில் அலுவலகத்தில் ஒரு மேசை, ஆறு நாற்காலி. ஈ.ஓ. வளர்மதி மேடம் கரூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் ஊரைப் பற்றி அவர் வைத்திருக்கும் அபிப்பிராயம் முகத்திலேயே இருந்தது. ஒருபக்கம் அப்பாவும் அண்ணனும், மறுபக்கம் பரமகுரு தனியாக. அப்பா சலவை வேட்டி கட்டி, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். துணி கட்டுவதற்கு வசதியாக.

அண்ணன் பத்திரிகையை வைத்தான். அதன்மேல் என் இணையதளப் பக்கத்தை வைத்தான். மேடம் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத எழுதினது நீங்கதானம்மா? அப்ப இந்தப் பத்திரிக அந்த அச்சுக்கூடத்துல அடிச்சதுதானா?"

பத்து நிமிட உரைக்காகத் தயாரித்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"மேடம், வேலாங்குளத்துல அப்படி ஒரு அச்சுக்கூடமே கிடையாது. நான் எழுதினது பொய். விக்கிறதுக்காக எழுதினேன். இந்த எழுத்து எதையும் பாத்து வரைஞ்சதில்ல, நானா வரைஞ்சது. இதுக்கு வயசு ரெண்டரை."

"யோகா!" என்றான் அண்ணன்.

"எப்படி நம்புறது?" என்றார் மேடம். நியாயமான கேள்வி. ஒரு பொய்க்காரி தான் பொய்க்காரி என்று சொல்வதை எதை வைத்து நம்புவது?

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். "ம மட்டும் எண்ணிக்கிட்டே வாங்க மேடம். நாலாவதுல வயித்துல ஒரு ஓட்டை இருக்கும். எட்டாவதுலயும் அதே ஓட்டை, அதே இடத்துல. ஈய அச்சுன்னா ஒவ்வொரு ம-வும் தனித்தனித் துண்டு. ஒண்ணு அடிபட்டா அது மட்டும்தான் அடிபடும். ஒன்பது துண்டு ஒரே மாதிரி அடிபடாது."

எண்ணினார். ஒன்பது வரை எண்ணினார். பரமகுருவும் எழுந்துவந்து எண்ணினான்.

"இந்த ஓட்டை எதும்மா?"

"தோசை, மேடம்."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஒரு கையில் பூதக்கண்ணாடி, ஒரு கையில் போன். ஓர் அரசு அதிகாரி 1951-ஐயும் ஒரு தோசையையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் கண்ணால் கண்டேன்.

"யாரு சுட்டது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவசியம் இல்லை, ஆனால் படத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

"எங்கப்பா."

பிறகு மேடம் கேட்கவேண்டிய கேள்விக்கு வந்தார். "அப்ப இத யாரு அடிச்சது?"

இதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். எழுத்துரு விற்கிற எல்லோரும் மாதிரித் தாள் போடுவோம். பழைய நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று இல்லாத ஒன்றை அடித்து, எழுத்து எப்படி இருக்கிறது பார் என்று காட்டுவோம். அதைச் சொன்னேன். "இது என் சாம்பிள் மேடம். எங்க குடும்பப் பேரப் போட்டு நான் அடிச்சு வச்சது, அப்பா பெட்டிக்குள்ள போயிருக்கு. அவரு நெசம்னு நெனச்சுட்டாரு. வயசானவரு."

பொய்யைத் திருத்த இன்னொரு பொய். பிரமாதமான பொய். யாருக்கும் சேதமில்லை. மேடம் பேனாவை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

அப்பா எழுந்து நின்றார்.

"சாம்பிள் இல்ல" என்றார்.

"அப்பா, உக்காருங்க."

"சாம்பிள் இல்ல மேடம். நான் அடிச்சது. பொங்கல் கழிஞ்சதுல இருந்து, இவ மத்தியானம் தூங்குறப்ப உக்காந்து, ஒத்த வெரல்ல. ஒரு எழுத்துத் தப்பு இருக்கா பாருங்க. பஞ்சாங்கம் பாத்து வருசம் போட்டேன். டீத்தண்ணியில நனைச்சு மாடியில காயப் போட்டேன்." பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்கப்பா ஒரு வருசம் நின்னது நெசம். பத்திரிகதான் பொய்யி. அது என் பொய்யி. பொண்ணு தலையில கட்டாதீங்க."

ஏமாந்த கிழவனாக வெளியே போக நான் கதவைத் திறந்து வைத்தேன். அவர் திருடனாக நிமிர்ந்து நின்றார். அண்ணன் நாற்காலியில் அப்படியே இறங்கிவிட்டான். என் வாழ்க்கையில் அப்பாவைப் பார்த்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பட்டேன்.

போலீசுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார் மேடம். பரமகுரு, "வேண்டாம் மேடம், வயசான மனுசன்" என்றான். மேடம் ஒரு பெருமூச்சு விட்டு உத்தரவு சொன்னார். உரிமை கீழவீட்டுக்கே. ஆனால் தகராறு என்று ஃபைலில் ஏறிவிட்டதால், இந்த வருடம் ஆறாம் நாளைக் கோயிலே நடத்தும். பரிவட்டம் யாருக்கும் கிடையாது. இரண்டு வகையறாவும் தள்ளி நிற்கவேண்டும்.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஊரணித் திருப்பத்தில் கேட்டார்: "ஒம்பது எடத்துலயா?"

"ஆமாப்பா."

"நான் பாக்கவே இல்ல."

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை உப்புமா. யாரும் காரணம் கேட்கவில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

அண்ணன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றான். டைரியை எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "பொதுவா" என்றேன். "அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மேலூர்ல தெரிஞ்ச ஆளு இருந்தான், நல்லா அடிச்சுக் குடுத்திருப்பான்" என்றான். மன்னிப்பை வாபஸ் வாங்கினேன்.

அறக்கட்டளைக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2, சனி

அறக்கட்டளை ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறது. பரிசு ரத்து. என் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். பாராட்டுக்குக் கேடயம் இல்லை.

இணையதளத்தில் 'வரலாறு' கட்டத்தில் பழையதை அழித்து, "தோசை. வேலாங்குளம்" என்று போட்டேன். மத்தியானத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஓட்டல்காரர் வாங்கிவிட்டு, ரவா தோசையில் இதே மாதிரி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்ல அப்பாவைத் தேடினேன். மாடியில், காலியான கொடிக்கயிறைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவில்லை.

மார்ச் 4, திங்கள்

பரமகுரு வந்தான். எங்கள் வீட்டு வாசல்படியை அவன் வகையறாவில் ஒருவர் மிதிப்பது ஐம்பத்தேழு வருடத்தில் முதல் முறை. அப்பா உள்ளே போகப் பார்த்தார். அவன், "ஐயா, உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றான். அப்பா நின்றார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். நான் சொன்னேன்.

"அந்த ஒரு வருசம் ஏன்னு கேட்டீங்களாமே. யோகா சொன்னா." நேற்று அவன் கடைக்குப் போயிருந்தேன்; இந்த முறை பஞ்சர் இல்லாமலே. "எங்க தாத்தா சொல்லியிருக்காரு. அந்த வருசம் அவரோட அம்மா செத்துட்டாங்க. சாவு விழுந்து வருசம் திரும்பாத வீட்டுல பரிவட்டம் கட்டக்கூடாதுல்ல. அந்த மாதிரி வருசத்துல மேலவீட்டுல குடுத்து நிக்கச் சொல்றதுதான் மொற. அதான் உங்கப்பா நின்னாரு."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் நீங்களும் தாத்தாவும் முன்வரிசைச் சண்ட போட்டுப் பேச்சு நின்னுபோச்சு. தாத்தா செத்தப்ப, அப்பா செத்தப்ப எல்லாம் தூத்துக்குடியில இருந்து ஒண்ணுவிட்ட சித்தப்பா வந்து நின்னாரு. இப்ப அவரும் இல்ல." அவன் தாடியைத் தடவிக்கொண்டான். "எங்கம்மா போயி இன்னும் வருசம் திரும்பல. இந்த வருசம் நான் நிக்க முடியாது. பழைய மொறப்படி உங்களத்தான் நிக்கச் சொல்லிக் கேக்கணும்னு தை மாசமே நெனச்சேன். எப்படி வந்து கேக்குறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள மனு குடுத்துட்டீங்க."

தை மாதம். டீத்தூள் தீர்ந்த மாதம்.

அப்பா சாய்வு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். சும்மா இருந்திருந்தால் போதும். இவர் சும்மா இருந்திருந்தால், அவன் கூச்சப்படாமல் இருந்திருந்தால், பஞ்சர் கடையில் நான் "என்ன விசயம்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இன்னும் பதினேழு நாளில் அந்த எண்ணெய் வைத்த தலையில் துணி ஏறியிருக்கும். மூன்று பேரும் சேர்ந்து ஒழுங்காகக் கெடுத்தோம்.

"ஈ.ஓ.கிட்ட கேட்டுப் பாத்தேன்" என்றான் பரமகுரு. "ஃபைல் மேல போயிருச்சாம்."

"போகட்டும்" என்றார் அப்பா.

போகும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இந்த வருடத் திருவிழாப் பத்திரிகைக்கான விவரம். "வருசா வருசம் டவுன் அச்சாபீசுல எங்க தாத்தா பேரத் தப்பாத்தான் அடிக்கிறாய்ங்க. நீங்க அடிச்சதுல ஒரு தப்பு இல்ல. எழுத்தும் லட்சணமா இருந்துச்சு. மேடமே சொன்னாங்க. இதையும் நீங்களே அடிச்சுக் குடுத்தீங்கன்னா..."

இது பெருந்தன்மையா, ஊமைக் குத்தா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. அப்பா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 6, புதன்

காலையில் தோசை. பிறகு அப்பா லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பகிரங்கமாக, நான் விழித்திருக்கும்போதே. ஒற்றை விரல். முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஐந்தாம் நாள் வரை சரசரவென்று அடித்தார்.

ஆறாம் நாள் வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. "கீழவீட்டு வகையறா, பரமகுரு. இவ்வருடம் மட்டும் கோயில் நிர்வாகம்." நான் உதவப் போகவில்லை. ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடித்தபின் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையில் வைத்து எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்றது.

"யோகா, இங்க வா. அவன் பேருல ஒரு ம வருது."

"ஆமாப்பா."

"நாலு நாலா எண்ணிப் பாத்தேன். அது நாலாவது ம."

குனிந்து பார்த்தேன். பரமகுருவின் நடுவில், வயிற்றில் ஓட்டையோடு உட்கார்ந்திருந்தது.

"அத மாத்து" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் பேருக்கு நல்ல ம-வாப் போடு. ஓட்ட இல்லாதது."

"நாலுமே தோசைதான்ப்பா. ஓட்டை இல்லாத ம இந்த எழுத்துருவுல கிடையாது."

"அப்ப புதுசா ஒண்ணு வரை" என்றார்.

மத்தியானம் தூங்கவில்லை. ஒரு ம வரைந்தேன்.